பெண் பார்க்க வந்தவர்களை அழ வைத்த எருக்குவியல்

என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வேன் ஆட்களையும் கண்ணீர் வடிய வைத்துத் திருப்பி அனுப்பியவள் நான். இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற எண்ணமும் இல்லை.

அப்போது கோவையில் வேளாண்மை படித்துக்கொண்டிருந்தேன் (மண்ணைத் தவிர எதையும் மதிக்காத வயது). காங்கேயம் பக்கம் தென்னந்தோப்புக்குள்தான் எங்கள் வீடு. அப்பா தோப்புக்கு யூரியாவாகக் கொட்டுவார். மரம் குடித்தது போக மிச்சம் நைட்ரேட்டாகக் கிணற்றில் இறங்கும். அந்தத் தண்ணீரை நாங்கள் குடிப்போம். அப்பாவிடம் சண்டை போட்டு, என் இஷ்டப்படி செய்ய அரை ஏக்கர் வாங்கினேன்.

"யூரியா இல்லாம செஞ்சு காட்டு. ஊட்டுக்கு ஒரு தொந்தரவு வந்துச்சுன்னா அன்னைக்கே யூரியா மூட்டை எறங்கும்" என்றார் அப்பா.

டிராக்டரில் கோழி எரு வந்தது. அதில் நைட்ரஜன் ஏராளம். அதற்கு ஈடாகக் காய்ந்த மட்டை, சருகு என்று கார்பனைப் பல மடங்கு சேர்த்தால்தான் நுண்ணுயிர்கள் இரண்டையும் தின்று நல்ல எருவாக்கும். பரீட்சையில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள், தோப்பில் நாலு மட்டையைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டேன். (நறுக்கினால் கை வலிக்கிறதே.) நாற்றம் கிளம்பியது.

மாப்பிள்ளை வீட்டார் வரும் காலையில் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"அம்மணி, இந்த நாத்தத்துல எவன் உன்னயக் கட்டுவான்? ஏதாச்சும் பண்ணு."

பண்ணினேன். நாற்றம் அடங்கட்டும் என்று, வெள்ளையடிக்க வைத்திருந்த சுண்ணாம்பைக் குவியல் முழுக்கத் தூவி, கிளறி, தண்ணீரும் தெளித்தேன். கோழி எருவில் சுண்ணாம்பு பட்டால் மண்ணுக்குப் போக வேண்டிய நைட்ரஜன் கண்ணை எரிக்கும் அம்மோனியாவாகப் பறக்கும். இதுவும் படித்ததுதான். பட்டுப்புடவை கட்டுகிற அவசரத்தில் மறந்துபோனது.

நான் காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தேன். காற்றும் கூடவே வந்தது. முதலில் மாப்பிள்ளையின் அத்தை கண்ணைத் துடைத்தார். அப்புறம் மாப்பிள்ளை. அப்புறம் என் அப்பா, அம்மா, வாசலில் நின்ற வேன் டிரைவர்.

"ஏனுங்க, பொண்ணு பாக்கறப்பவே இப்படி அழுவுறீங்க? புள்ளய அனுப்ப இஷ்டமில்லீங்களா?" என்றார் அத்தை, மூக்கை உறிஞ்சியபடி.

"அழுவலீங்க" என்றார் அப்பா, தாரை தாரையாக.

நான் தட்டை வைத்துவிட்டு, கார்பனில் தொடங்கி அம்மோனியா வரை விளக்கினேன். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் உட்டுருவியில்ல கண்ணு?" என்றார்.

"உடமாட்டேனுங்க."

வேன் போய்விட்டது. அப்பா உரக்கடையைக் கூப்பிடப் போனை எடுத்தார். நான் குறுக்கே நின்றேன்.

"சுண்ணாம்பு போட்டதுதானுங்கப்பா தப்பு. எரு மேல தப்பில்ல. யூரியா எறக்குனீங்கன்னா அடுத்த வேன் வாரப்பவும் சுண்ணாம்பு போடுவேன்."

அப்பா என்னைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார். போனைப் பைக்குள் போட்டுவிட்டு மட்டை நறுக்க அரிவாள் எடுத்துக் கொடுத்தார். இன்று தோப்பு முழுக்க என் எருதான்.

ஒன்று மட்டும் ஓயவில்லை. எங்கள் சொந்தத்தில் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும்போது யாரும் அழவில்லை என்றால், ஒருவர் தவறாமல் சொல்வார்: "அந்த அம்மணியக் கூப்புடுங்க. ஒரு சட்டி சுண்ணாம்போட வரட்டும்."

நானும் சளைப்பதில்லை. "வாரேனுங்க. மொதல்ல நீங்க யூரியாவ நிறுத்திப்போட்டுக் கோழி எரு வாங்கி வைங்க."