சேவுகன் சந்தையை அசைக்கப் புகுந்த படலம்

காமிரா முக்காலியைத் தண்டாயுதமெனத் தோளில் ஏந்தியவரும், குழாயில் நீர் சொட்டுவதைப் பதினோரு நிமிடம் படமெடுத்து, அதைத் திருக்கோகர்ணத்தில் நால்வருக்குத் திரையிட்டு, அவர்களுள் விழித்திருந்த ஒருவரின் கைதட்டலை வெற்றிமாலையாகச் சூடியவரும், ஞாயிறுதோறும் மூன்று மாணவருக்குச் சினிமாக் கலையைப் போதித்தவருமான சேவுகன் வாழ்க! அவர் 1961ஆம் ஆண்டு விராலிமலைச் சந்தையில் புரிந்த பெரும்போரை உரைக்கப் புகுகிறோம். வெண்திரைத் தெய்வங்களே, துணை நில்லுங்கள்.

சென்னையில் திறக்கவிருந்த ஒரு சினிமாப் பள்ளிக்கு ஆசிரியர் வேண்டியிருந்தது. விண்ணப்பிப்போர் 'அசைவு' என்னும் பொருளில் தாமே எடுத்த படத்தை அனுப்ப வேண்டும். சேவுகனிடம் எஞ்சியிருந்தது ஒரே சுருள், இரண்டரை நிமிடம். அவரது காமிராவோ ஒருமுறை சாவி கொடுத்தால் அரை நிமிடம் ஓடி நின்றுவிடும். ஆக, அவரது எதிர்காலம் ஐந்து சாவி நீளம்.

கத்தரிக்காய்க் குன்றுகளுக்கும் கருவாட்டு அரண்களுக்கும் நடுவே, கடலெனப் பொங்கி, ஆறெனப் பிரிந்து, கோழியைத் தலைகீழாய்ப் பிடித்தும் பானையைத் தட்டிப் பார்த்தும் இரைந்துகொண்டிருந்த அந்த மாபெரும் மக்கட்படை, காமிராவின் ஒற்றைக்கண் தன்மேல் விழுந்த கணமே, கைகளைத் தொடையோடு ஒட்டி, மூச்சை நெஞ்சில் பூட்டி, சிலைவரிசையாய் நின்றது. கூரைமேலிருந்த மயிலும் நின்றது. முதல் சாவி தீர்ந்தது.

"நடங்க! யாவாரம் பண்ணுங்க! என்னைப் பாக்காதீங்க!" என்று முழங்கினார் சேவுகன்.

மிளகாய் விற்கும் ராக்காயி உதடு அசையாமல் விடையிறுத்தாள்: "அசைஞ்சா மூஞ்சி கலைஞ்சு போயிரும்ங்க. எங்க கல்யாணப் போட்டோவுல எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு மூக்கு."

இரண்டாம் சாவி தீர்ந்தது.

மாட்டுத்தரகர் வீரய்யா தாமே படைத்தலைமை ஏற்று ஆணையிட்டார்: "வாத்தியார் வெயில்ல கஷ்டப்படுறாருல்ல? எவனாச்சும் கண்ணக் கொட்டுனீங்க, பாத்துக்கங்க! அங்கிட்டுப் போறவுகளும் வந்து நில்லுங்க!"

வந்து நின்றனர். மூன்றாம் சாவியும் நான்காம் சாவியும் அக்கல்லரண்மேல் எய்த அம்புகளாய் முறிந்து வீழ்ந்தன.

"நீங்க நிதானமா எடுங்க வாத்தியாரே. பொழுது சாயற மட்டும் நிக்கிறோம்" என்று வாக்களித்தார் வீரய்யா.

அம்பறாத்தூணியில் கடைசிக் கணை மட்டும் மிஞ்சிய வீரனைப்போல் சேவுகன் ஐந்தாம் சாவியைக் கொடுத்தார். பொத்தானை ஓடும் நிலையில் பூட்டினார். காமிராவைத் துறந்து களத்தினுள் பாய்ந்தார். அசைவது எவ்வாறு என்பதைச் செய்தே காட்டினார். புயலில் சிக்கிய பனையென இரு கைகளையும் வீசினார். வீரய்யாவின் தோளைப் பற்றி உலுக்கினார். ராக்காயியின் தராசைத் தூக்கிக் குலுக்கினார். அவிழ்ந்த வேட்டியை ஒரு கையால் பற்றியபடி படையை மும்முறை வலம் வந்தார். அசையாப் பெரும்படையோ, மிக்க மரியாதையுடன், அவரைத் தாண்டிக் காமிராவை நோக்கியது. சுருள் தீர்ந்தது.

"பாவம், வாத்தியாரு ஆடிட்டாரு. அவரு மூஞ்சி மட்டும்தான் விழுந்திருக்காது" என்றாள் ராக்காயி.

வேறு சுருள் இல்லாமையால், அதையே கழுவிச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, வேள்வி முடித்த முனிவரைப்போல் தபால்காரரின் சைக்கிள் மணியோசைக்குச் செவிதந்து நாற்பத்தொரு நாள் காத்திருந்தார் சேவுகன்.

நடிகர் வேலை எதுவும் காலி இல்லை என்று சினிமாப் பள்ளியிலிருந்து ஒரு கார்டு வந்தது.