பூஜ்யம் கிலோ குப்பை

பூஜ்யத்தைக் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ஜானகிராமன் மூன்றாவது முறையாக அதே கட்டத்தில் அதே பூஜ்யத்தை அடித்தார். மூன்றாவது முறையும் கட்டம் சிவந்தது.

“மெதுவா சார், கீபோர்டு என்னுது,” என்றார் பஷீருதீன். மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்த இன்டர்நெட் கடை அவருடையது. “இன்னாதான் கேக்குது அது?”

“பள்ளிக்கூடத்துல போன வருஷம் வாரத்துக்கு எத்தனை கிலோ குப்பை, இந்த வருஷம் எத்தனை கிலோன்னு கேக்குது. எங்களுக்கு ரெண்டுமே பூஜ்யம் பாய்.”

கேட்டது உலகப் பசுமைப் பள்ளிகள் இணையம். பல நாட்டுப் பள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, நாளைக்கு வருகிறவர்களுக்கும் மிச்சம் வைத்து வாழ்வது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் அமைப்பு. குப்பையை நன்றாகக் குறைத்த பள்ளிக்கு அது ஒரு கட்டடம் கட்டித் தரும்.

ஜானகிராமனுக்கு வேண்டிய கட்டடம் மிகச் சிறியது. பெண்பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில், எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளிக்கு அவர் அறிவியல் ஆசிரியர். தலைமையாசிரியர் பொறுப்பும் அவரிடம்தான். ஏழிலும் எட்டிலும் படித்த பதினோரு பெண்கள் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் நாலு மணிக்கு மணி அடிக்கும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. போன வருஷம் அந்தப் பெண்கள் பதினாறு பேர் இருந்தார்கள்.

“குப்ப எப்படி சார் பூஜ்யம் ஆவும்?”

யாராவது ‘எப்படி’ என்று கேட்டுவிட்டால் ஜானகிராமனுக்கு நேரம் போவது தெரியாது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“மீன் நிறுக்கிற தராசை வாங்கிட்டு வந்து ஒரு வாரம் எடை போட்டுப் பார்த்தேன். சத்துணவுல ஒரு பருக்கை மிஞ்சறதில்ல. காய்த்தோல் ஆட்டுக்கு. தேங்காய் மட்டை அடுப்புக்கு. எழுதித் தீர்ந்த நோட்டு கடலை மடிக்கிறதுக்கு. தராசுத் தட்டு அசையவே இல்ல பாய்.”

“நல்லதுதானே?”

“அதுதான் சிக்கல். எத்தனை சதவீதம் குறைஞ்சதுன்னு பார்க்க, குறைஞ்ச எடையைப் பழைய எடையால வகுக்கணும். பழைய எடை பூஜ்யம்னா வகுக்க முடியாது. வகுக்க முடியலைன்னா படிவம் போகாது.”

பஷீருதீன் யோசித்தார். “ஒரு கிலோ இருந்துச்சுன்னு போடுங்க. ஒரு கிலோ குப்பைக்காக யாரு வந்து கேக்கப்போறான்?”

போன வருஷம் ஒன்று, இந்த வருஷம் பூஜ்யம். கட்டம் பச்சையானது. நூறு சதவீதம் குறைவு. அடுத்த கேள்வி, அந்தக் குப்பை எங்கே போனது என்பது. கொடுத்திருந்த விடைகளில் ‘ஆடு தின்றது’ இல்லை. இருந்ததில் கௌரவமாகத் தெரிந்த ‘உரக்குழி’யைத் தொட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை பஷீருதீன் ஆளனுப்பிக் கூப்பிட்டார். படிவத்தில் கொடுத்திருந்த நம்பர் கடையுடையது; அதற்கு போன் வந்திருந்தது. ஜானகிராமன் திருப்பிக் கூப்பிட்டார். எதிர்முனையில் ஹரிப்ரியா, பசுமைப் பள்ளிகள் இணையத்தின் தென்மண்டல அதிகாரி.

“நூறு பர்சென்ட் வந்தது உங்க ஸ்கூலுக்கு மட்டும்தான் சார். வியாழக்கிழமை நாங்க நேர்ல வரோம். உரக்குழியைப் பார்த்துட்டா கட்டடத்துக்குக் கையெழுத்துப் போட்டுடலாம்.”

பள்ளியில் உரக்குழி கிடையாது.

அன்று மாலைக்குள் குழி தயாராகிவிட்டது. கடற்கரை மணலில் குழி வெட்டுவது ஒரு கஷ்டமா? அதை நிரப்பத்தான் ஒன்றும் இல்லை. நாளைக்கு ஆளுக்கு ஒரு பிடி குப்பை கொண்டுவர வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினார். மறுநாள் நாலு வெங்காயத் தோலும் ஒரு கோழி இறகும் வந்தன. கூடவே சத்துணவு சமைக்கும் ஜெகதாம்பாளும் வந்தாள்.

“இன்னா சார், குப்ப எட்துகினு வரச் சொன்னீங்களாமே? எங்கூட்டு ஆடே பசியில கத்திகினு கீது. குப்ப இருந்தா அதுக்குப் போட மாட்டமா?”

பஷீருதீன்தான் வழி சொன்னார். அவர் மச்சான் அப்பாஸ், கடற்கரைச் சொகுசு ஓட்டல் ஒன்றில் குப்பை எடுக்கும் டெம்போ ஓட்டுகிறவன். ஒரு கூடை போதும் என்று ஜானகிராமன் கெஞ்சிக் கேட்டிருந்தார். செவ்வாய் மதியம் டெம்போ நிறைய வந்தது.

“ஒரு கூடைன்னுதானேப்பா சொன்னேன்?”

“ஒரு கூடைக்கு வண்டி எடுத்தா டீசல் யாரு குடுப்பா சார்? இருக்கட்டும். நல்ல எடத்து குப்ப.”

நல்ல இடத்துக் குப்பைதான். ஒரே ஒரு கடி கடித்த கேக்குகள், பாதி அன்னாசிகள், பன்னீர்க் கட்டிகள் கலந்த சாதம், ரோஜா மாலைகள், அன்னப்பறவையாகச் செதுக்கிய ஒரு தர்பூசணி. ஓட்டலில் பெரிய இடத்துக் கல்யாணம் போலிருக்கிறது என்று ஜானகிராமன் நினைத்துக்கொண்டார். குழி நிரம்பி, மேலே இடுப்பளவு குன்று நின்றது. பிள்ளைகள் அன்னப்பறவையை வேடிக்கை பார்த்தார்கள். ஆடுகள் வேடிக்கை பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஏழு ஆடுகள் கேக் தின்று வயிறு உப்பிப் படுத்துவிட்டன.

“ஆட்டுக்கு எதுனா ஆச்சு, அந்தக் குயிக்குள்ள உன்னத்தான் எறக்குவோம் சார்,” என்று ஆட்டுக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆடு வராமல் இருக்கக் குன்றை மூட வேண்டும். மூடுவதிலும் ஒரு கணக்கு உண்டு. பச்சைக் குப்பை ஒரு பங்கென்றால் காய்ந்த சருகு மூன்று பங்கு. அப்போதுதான் உள்ளே காற்று போகும். காற்று போனால்தான் நல்ல கிருமிகள் பெருகும். பெருகிய கிருமிகள் தின்கிற வேகத்தில் குவியல் சூடாகும். இதைப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டே சவுக்குத் தோப்பிலிருந்து சருகு வாரி வந்து போட்டார். புதன்கிழமை மதியம் வேலை முடிந்தது. முடிந்தவுடன் அப்பாஸ் இரண்டாவது லோடைக் கொண்டுவந்து அதன் தலையில் கொட்டினான்.

“யாருப்பா கேட்டது?”

“எடம் கெடச்சிடுச்சின்னு ஓட்டல்ல சொல்ட்டேனே சார். இனிமே தெனம் இங்கதான்.”

மறுபடி சருகு. வியாழக்கிழமை காலை ஜானகிராமன் வந்தபோது குவியலிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கையை விட்டுப் பார்த்தார். சுட்டது. இரண்டே நாளில் இந்தச் சூடு என்றால் கணக்குச் சரி. மூன்று நாளில் முதன்முறையாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டை மாற்ற உள்ளே போனார். திரும்பி வருவதற்குள் ஜெகதாம்பாள் புகை என்று நினைத்து, சமையலுக்கு வைத்திருந்த எட்டுக் குடம் தண்ணீரையும் அதன்மேல் கொட்டியிருந்தாள்.

“பத்திக்கினு எரியப் பாத்துச்சு சார். நல்ல நேரம், நான் இருந்தேன்.”

தண்ணீர் புகுந்த இடத்தில் காற்று இருக்காது. காற்று இல்லாத இடத்தில் வேறு ஜாதிக் கிருமிகள் வேலையை எடுத்துக்கொள்ளும். அவற்றின் வேலைக்கு வாடை உண்டு. பத்து மணிக்கு ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள். பதினொரு மணிக்குக் குளிர்சாதன வேன் வந்து நின்றது.

ஹரிப்ரியா மூக்கில் கைக்குட்டையோடு இறங்கினாள். கூட வந்த வெள்ளைக்காரர் இறங்காமல் ஜன்னல் வழியாகப் படம் எடுத்தார். அவள் ஒரு குச்சியால் சருகை விலக்கிப் பார்த்தாள்.

“ஒரு கிலோன்னு எழுதியிருந்தீங்க.”

“மேடம், இது எங்க குப்பை இல்ல. எங்களுக்குக் குப்பையே கிடையாது.”

“முதல்ல மறுக்கத்தான் சார் தோணும். எல்லா ஸ்கூல்லயும் பார்த்திருக்கேன்.” குச்சி ஒரு கேக்கைப் புரட்டியது. “ஒரு கடி கடிச்சிட்டுத் தூக்கிப் போட்டிருக்காங்க. தட்டுல வாங்கினதைச் சாப்பிடணும்னு பசங்களுக்குச் சொல்லித் தரதில்லையா?”

ஜெகதாம்பாள் குறுக்கே வந்தாள். “எங்க பசங்க தின்ன தட்ட கழுவவே தேவயில்லமா. அவ்ளோ சுத்தமா வயிச்சி வெப்பாங்க.”

இனி உண்மைதான் காப்பாற்றும் என்று ஜானகிராமனுக்குத் தோன்றியது. பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்து வகுத்தல், உரக்குழி, ஆடு, டெம்போ வரைக்கும் வரிசையாக, பொறுமையாக விளக்கினார். ஹரிப்ரியாவும் பொறுமையாகக் கேட்டாள்.

“அதாவது, வெளியிலேர்ந்து குப்பையை வரவழைச்சிருக்கீங்க.”

“கழிப்பறைக்காகத்தான் மேடம்.”

“இந்த ஸ்கூலுக்குக் கட்டடம் இப்போ சாத்தியமில்ல சார். முதல்ல பழக்கம் மாறணும். வீணாக்காம வாழறது எப்படின்னு அஞ்சு வாரம் வகுப்பு எடுக்க ஆள் அனுப்பறோம். ஊர்க்காரங்களும் வரணும்.” ஃபைலில் எழுதி மூடினாள்.

பதினோரு பெண்களும் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டாம் வகுப்பு ஹனியா பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். மூடியைத் திறக்காமல் பையிலேயே வைத்துக்கொண்டாள்.

அப்போது டெம்போ வந்தது. அப்பாஸ் குதித்து இறங்கினான். ஹரிப்ரியாவைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

“வணக்கம் மேடம், நீங்களே இங்க வந்துட்டீங்களா? ஓட்டல்ல மூணு நாளா நடந்த உங்க பசுமைப் பள்ளிக்கூட மீட்டிங்குல மிஞ்சினதுல இதுதான் கடைசி லோடு, எங்க கொட்டட்டும்?”