புளியறையில் ஒரு புகை ஆராய்ச்சி

உயிர் உள்ளவரை சிகரெட்டை விடுவதில்லை என்று சென்ற வருஷம் ஒரு தீர்மானம் எடுத்தேன். என் மனைவி ஆனந்தவள்ளிக்குத் தெரியாமல் என்பது அதில் ஒரு சின்ன நிபந்தனை.

குற்றால சீசனில் கவலையே இல்லை. கல்லூரி விட்டதும் ஸ்கூட்டர் நேரே ஐந்தருவிக்குப் போகும். ஒரு சிகரெட். அப்புறம் அருவிக்குள் தலையைக் கொடுத்தால் புகையாவது மண்ணாவது! ஆனால் எனக்காக வருஷம் முழுக்கத் தண்ணீர் விழுமா? சீசன் முடிந்தது. ஒருநாள் காய்ந்த தலையோடு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"என்ன வாடை இது?"

"பஸ்ல பக்கத்துல ஒருத்தன் பிடிச்சிட்டு வந்தான்."

"வாசல்ல நிக்குத ஸ்கூட்டர் பஸ்ஸுக்குப் பின்னாலயே தானா ஓடி வந்துட்டா?"

அன்றைக்குத்தான் எனக்கு ஆராய்ச்சி ஆர்வம் பிறந்தது. நான் தென்காசியில் ஒரு கல்லூரியில் சமூகவியல் வாத்தியார். மக்களிடையே போதை, புகையிலைப் பழக்கத்தை ஆராய டெல்லியில் ஓர் அமைப்பு நிதி தருவதாக அறிவித்திருந்தது. 'கேரள எல்லைப் புளியறைச் சோதனைச் சாவடியில் காத்திருக்கும் லாரி ஓட்டுநர்களின் புகைப்பழக்கம்' என்று விண்ணப்பம் போட்டேன். நோக்கம் என்ன என்று கேட்டிருந்தார்கள். சமூக நலன் என்று எழுதினேன். என் சட்டை நாறுவதற்கு ஒரு கௌரவமான காரணம் வேண்டும் என்றா எழுத முடியும்?

நிதி வந்துவிட்டது! கல்லூரியில் சால்வை போட்டார்கள்.

அப்புறம் தினமும் புளியறைதான். முகம்மது சலீம் பாய் டீக்கடைக்கு எதிரே மரத்தடியில் உட்காருவேன். டிரைவர்கள் பற்றவைப்பார்கள். மரியாதைக்கு நானும் பற்றவைப்பேன். எப்போது தொடங்கினீர்கள், ஏன் விட முடியவில்லை என்று கேட்பேன். அவர்கள் சொல்லச் சொல்ல எனக்குக் கண் கலங்கும். இவ்வளவு ஈடுபாட்டோடு நான் எந்த வேலையும் செய்ததில்லை.

வீட்டிலும் நிலைமை மாறியது.

"அய்யோ பாவம், சட்டையெல்லாம் ஒரே நாத்தமா இருக்கே!"

"என்ன செய்ய வள்ளி, அவனுவ ஊதுதானுவ. வேலைன்னு பொறுத்துக்கிடுதேன்."

"பக்கத்துல இருக்கவங்களுக்கும் நெஞ்சுல ஏறுமாமே?"

அவள் கண்ணில் இரக்கம் தெரிந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து நான் காணாத சரக்கு. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. இருமினேன்.

"ஏறுமாவா? பிடிக்கிறவனை விட எனக்குத்தான் கேடு. படுத்தா மூச்சு முட்டுது!"

அவள் பதறிப்போய்ச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். வெற்றிக் களிப்பில் அதையும் குடித்தேன்.

அடுத்த வாரம் நிதி அமைப்பிலிருந்து சுகிர்தம் மேடம் ஆய்வைப் பார்வையிட வந்தார். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

"மேடம், இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா? இவியளுக்குப் புகை ஆவவே மாட்டேங்கு மேடம். படுத்தா மூச்சு முட்டுதுங்காவ. நீங்களே கேளுங்க."

மேடம் சாப்பிடுவதை நிறுத்தினார். "அப்படியா பேச்சிராஜ்?"

இல்லை என்றால் மனைவியிடம் மாட்டுவேன். ஆமாம் என்றால் மேடத்திடம். பொதுவாக ஓர் இருமல் இருமினேன்.

"ஆய்வாளர் உடம்பு கெட்டா எங்களைத்தான் கேப்பாங்க. இனிமே நீங்க புளியறைப் பக்கமே போகக்கூடாது. வீட்டுல உக்காந்து தகவலைக் கம்ப்யூட்டர்ல ஏத்துங்க. வெளிவேலைக்குச் சமூகவியல் படிச்ச ஆள் யாரையாவது போட்டுக்கலாம். அதுக்கும் நிதி இருக்கு."

"நானும் எம்.ஏ. சமூகவியல்தான் மேடம்" என்றாள் ஆனந்தவள்ளி, ரசத்தை ஊற்றிக்கொண்டே.

பதறிவிட்டேன். "அவளுக்கும் புகை ஆகாது மேடம்!"

"நான் காத்தோட்டமா தள்ளி நின்னு கேப்பேன் மேடம். இவியள மாதிரி ஆளு மடியில போயா உக்காருவேன்?"

மேடம் அங்கேயே சம்மதித்துவிட்டார். அவர் போனதும் ஆனந்தவள்ளியிடம் கெஞ்சினேன்.

"வள்ளி, இப்போ மூச்சு நல்லாத்தான் இருக்கு."

"கஷாயம் கேட்டிருக்கு. ஆராய்ச்சி முடியுத வரைக்கும் விடாம குடிங்க."

இப்போது என் ஸ்கூட்டரில் அவள் புளியறைக்குப் போகிறாள். போகிற வழியெல்லாம் என் நெஞ்சைப் பற்றி வருத்தத்தோடு சொல்லியும் வைத்திருக்கிறாள். தெருமுனைப் பெட்டிக்கடை பிச்சைமணி எனக்குத் தீப்பெட்டி கூடத் தர மறுக்கிறான். "வேண்டாம் அண்ணாச்சி, ஒங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அக்கா என்னைச் சும்மா விடமாட்டாவ" என்று கும்பிடுகிறான்.

நேற்றுச் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தாள். முந்தானையில் லேசாகப் புகை வாசம். லாரிக்காரர்கள் வாழ்க! ஆசையோடு பக்கத்தில் போய் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். கண்ணை மூடி இன்னொரு தடவை இழுப்பதற்குள் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினாள்.

"கிட்ட வராதீய, ஒங்களுக்குத்தான் ஆவாதுல்லா! போயி எனக்கு வெந்நி போடுங்க."