ஆற்றின் இறப்புச் சான்றிதழ்

களக்... களக்... களக்...

ஒரு காட்டில் தினமும் காலையில் இப்படியொரு சத்தம் கேட்கும். தொண்டை அடைத்த கிழம் ஒன்று தண்ணீர் விழுங்கப் பார்ப்பதுபோல. கிட்டே போய்ப் பார்த்தால்தான் அது ஆறு என்று தெரியும். காடு என்றதும் மரத்தைத் தேடாதீர்கள். அது வளர்ந்து நகரமாகிவிட்ட காடு. புலிகள் அடுக்குமாடியில் இருந்தன, மான்கள் ஷேர் ஆட்டோவில் போய் வந்தன, எல்லார் வீட்டுக் குழாயும் கடைசியில் அந்த ஆற்றில்தான் வந்து முடிந்தது.

பாலத்தடியில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கம்பிவலை. அதில் வந்து மாட்டுகிற பாலிதீன் பை, மெத்தைப் பஞ்சு, காய்ந்த மாலை எல்லாவற்றையும் இழுத்து வெளியே போடுவது காத்தாயி என்கிற நீர்நாயின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. இழுக்காவிட்டால் தண்ணீர் ஏறி அவள் வளைக்குள் புகுந்துவிடும். வளைக்குள் இன்னும் நீந்தத் தெரியாத குட்டிகள் இரண்டு. அவள் இழுக்க இழுக்கத் தண்ணீர் இறங்கும். அதனால் அந்த ஒரு பர்லாங்கு தூரத்துக்கு மட்டும் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் பாலத்தின்மேல் பேனர் கட்டினார்கள்: ‘ஆற்றுக்குப் புத்துயிர்.’ கீழே நாற்காலி போட்டுக் கருத்துக் கேட்புக் கூட்டம். உதவிப் பொறியாளர் கீரி தண்டபாணி மைக்கை மூன்று தரம் தட்டினார்.

“கரையில குடியிருக்கிறவங்க கவலைப்பட வேணாம். ரெண்டு பக்கமும் சுவர் வரும். கரைவாசிப் பட்டியல்ல பேர் இருந்தா, சுவத்துக்குள்ளயே வளை கட்டித் தருவோம். பேர் இல்லாதவங்க காலி பண்ணிக்கணும்.”

காத்தாயி எழுந்து நின்றாள். “சார், என் பேரை எழுதிக்குங்க. பாலத்தடி, வடக்குக் கரை.”

தண்டபாணி தாளைப் புரட்டினார். “அங்கதாம்மா பிரச்சனையே. உன் இடத்துல ஆறு ஓடுது.”

“ஓடுதுங்க சார்.” அவள் பெருமையாகத்தான் சொன்னாள்.

“ஓடக் கூடாதும்மா. ‘இறந்த ஆறு’ன்னு சான்று இருந்தாத்தான் புத்துயிர்த் திட்டம். மேல பூரா செத்துப்போச்சு, கீழ பூரா செத்துப்போச்சு. நடுவுல நீ ஒருத்தி பிடிச்சு வச்சிருக்கே. மீன் வேற இருக்காமே?”

“ஒரே ஒரு கெளுத்திங்க. பொன்னப்பன்னு பேரு. கடிச்சா என் பல்லுதான் உடையும்னு விட்டு வச்சிருக்கேன்.”

“உயிரின ஆதாரம்” என்று தண்டபாணி பெருமூச்சு விட்டார். மொத்தக் கூட்டமும் காத்தாயியை முறைத்தது.

பின்வரிசையில் இருந்த எருமை ராசாமணி கத்தினார். “ஏ காத்தாயி! ஊருக்கே வர வேண்டியது உன்னால நிக்குது பாரு!”

“நான் என்னண்ணே பண்ணேன்? அடைப்புதானே எடுத்தேன்.”

“அதைத்தான் எடுக்காதேங்கறோம். பத்து நாள் கையைக் கட்டிக்கிட்டு உக்காரு. குட்டிங்களை என் கொட்டகையில கொண்டாந்து போட்டுக்க. நான் புரண்டா மட்டும் ஒதுங்கிக்கணும்.”

காத்தாயி தண்டபாணியைப் பார்த்தாள். “ஆறு செத்தா என் பேரு பட்டியல்ல வருங்களா?”

“முதல் பேரே உன்னுதுதான்” என்றார் தண்டபாணி. கீரி பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் அப்படித்தான் நினைத்தார்.

பொன்னப்பனிடம் விஷயத்தைச் சொன்னபோது கெளுத்தி மீசையை ஆட்டியது. “என்னைய எங்க போகச் சொல்ற?”

“பத்து நாளைக்குக் கோயில் குளத்துல இருங்க. பக்கெட்ல கொண்டு போயி விடறேன்.”

“இந்த வயசுல எனக்கு ஊர் மாத்தமா?” என்று முனகிக்கொண்டே பொன்னப்பன் பக்கெட்டில் ஏறியது. குளத்தில் பொரி போடுகிறார்கள் என்று தெரிந்த பிறகு அது ஆற்றைப் பற்றிப் பேசவே இல்லை.

முதல் இரண்டு நாள் காத்தாயிக்குக் கை அரித்தது. எழுந்து வலைவரை போவாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பி வருவாள். மூன்றாம் நாள் தண்ணீர் வளைக்குள் புகுந்தது; குட்டிகளை ராசாமணியின் கொட்டகைக்குத் தூக்கிப் போனாள். அவள் குட்டிகளுக்கென்று உலர்த்திப் பரப்பி வைத்திருந்த புல் மிதந்து வந்து அவள் கண்ணெதிரிலேயே வலையில் மாட்டியது. ஆறாம் நாள் தண்ணீர் கறுத்தது. கொட்டகையில் ராசாமணி புரண்டதில் சின்னக் குட்டியின் வால் நசுங்கியது. “சொன்னேன்ல, ஒதுங்கணும்னு” என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

பத்தாம் நாள் தண்டபாணி மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். தண்ணீரில் ஒரு குச்சியை விட்டார். குச்சி விட்ட இடத்திலேயே நின்றது.

“பிரமாதம்! இதைத்தான் எதிர்பார்த்தேன்.”

படிவத்தில் இறப்புக்குக் காரணம் ‘இயற்கை’ என்று எழுதினார். கண்ணால் கண்ட சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும். ராசாமணி குளம்பை வைத்தார். காத்தாயியின் கை ஈரமில்லாமல் இருந்ததால் மை சரியாகவே ஒட்டியது.

“வாரிசுச் சான்றிதழும் போட்டுடலாம். கடைசிக் காலத்துல கூட இருந்து பார்த்தது யாரு?”

காத்தாயி வாயைத் திறப்பதற்குள் ராசாமணி ஆற்றில் வந்து விழும் கழிவுநீர்க் குழாயைக் காட்டினார். “இதோ, இந்தச் சாக்கடைதான் சார். ஒருநாள் விட்டுப் பிரியல.”

ஒரே வாரிசு சாக்கடை என்று பதிவானது.

மறுநாள் காத்தாயி குட்டிகளை முதுகில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. மேலிருந்து கீழே படித்தாள், கீழேயிருந்து மேலே படித்தாள்.

“சார், என் பேரு இல்லீங்களே?”

“எப்படிம்மா இருக்கும்? ஆறே இல்லாத இடத்துல கரை ஏது? கரையில்லாத இடத்துல கரைவாசி ஏது? ஆறு செத்துடுச்சுன்னு நீதானே கைநாட்டு வச்சே.”

“திட்டம் முடிஞ்சு ஆறு திரும்பி வரும்ல சார்?”

“அது வேற ஆறும்மா. பிறப்புச் சான்றிதழ் புதுசா போடுவோம். அந்தக் கரையில இடம் வேணும்னா பத்து வருஷம் அங்க இருந்ததுக்கு ஆதாரம் காட்டணும்.”

“புது ஆத்துல எப்படி சார் பத்து வருஷம்?”

“நியாயமான கேள்விதான். அதனால இதுவரைக்கும் ரெண்டு பேருக்குத்தான் தகுதி வந்திருக்கு.” தண்டபாணி பேனாவால் பின்சுவரைக் காட்டினார். அங்கே திட்டத்தின் வரைபடம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. நீலத் தண்ணீர், ஒரு படகு, பக்கத்தில் இரண்டு அன்னங்கள். ஓரத்தில் பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி.

“அன்னமா? இந்த ஊர்ல யாருமே பார்த்ததில்லீங்களே.”

“இடம் ஒதுக்கியாச்சு. எப்ப வேணா வரட்டும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணு. வலையில கை வச்சுடாதே. ஆறு ஓடுச்சுன்னா நீ சொன்னது பொய்ச்சாட்சி ஆயிடும். என் வேலையும் போகும், உன் மேல கேஸும் வரும். பார்த்து நடந்துக்க.”

“சுவர் எப்ப சார் கட்டுவீங்க?”

“ஃபைல் மேல போயிருக்கு.”

காத்தாயி படியிறங்கி வந்தாள். கொட்டகைக்குப் போகும் திருப்பத்தில் சின்னது முதுகில் நெளிந்து வாலை இழுத்துக்கொண்டது. அவள் சற்று நின்றாள். பிறகு பாலத்தடிக்குத் திரும்பினாள்.

வலைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பலகை நட்டிருந்தார்கள்: ‘இறந்த ஆறு. தொடாதீர்.’ அதன் காலடியில் மேடாக இருந்த இடத்தில் குட்டிகளை இறக்கிவிட்டாள். இருபக்கமும் பார்த்தாள். தண்ணீருக்குள் இறங்கி, மூக்கை மட்டும் மேலே வைத்துக்கொண்டு இழுத்தாள். ஒரு தலையணை உறை வந்தது. அடுத்து ஒற்றைச் செருப்பு. அதைக் கரையில் வீசிவிட்டு மறுபடி கையை உள்ளே விட்டாள்.

நீதி: உயிரோடு இருப்பவர்களுக்குப் புத்துயிர் தர விதியில் இடமில்லை. உதவி தேவைப்படுவோர் முறைப்படி இறந்துவிட்டு, இரண்டு சாட்சிகளுடன் நேரில் வந்து விண்ணப்பிக்கவும்.