உங்கள் மகளுக்கு இப்போது என்ன பிடிக்கிறது?

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

தங்கள் மாப்பிள்ளை பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் மகளும் உடம்பளவில் சுகம். தாங்களும் மாமாவும் எல்லா அளவிலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வருடம் நான் அனுப்பிவைத்த மசாஜ் நாற்காலி எப்படி இருக்கிறது? மாமா அதில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்ததாகவும், அது அவர் காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அடம்பிடித்ததாகவும், பக்கத்து வீட்டுக்காரர் வந்து விடுவித்ததாகவும், அன்றிலிருந்து அதில் துவைத்த துணியைப் போட்டு வைப்பதாகவும் கேள்விப்பட்டேன். பரவாயில்லை, துணிகளாவது சுகப்படட்டும்.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் சொன்னால் தங்கள் மகள் காதில் விழும். வீடு சின்னது. அதிலும் இப்போது ஆள் நிற்க இடம் ரொம்பக் குறைவு, அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். விஷயம் இதுதான்: தங்கள் மகள் என்னிடம் எதையோ மறைக்கிறாள். உடனே பதற வேண்டாம், தாங்கள் நினைப்பது இல்லை. ஆபீசில் பக்கத்து மேசைக்காரரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன், அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு "ஆள் யாருன்னு தெரிஞ்சுதா சார்?" என்றார். ஆளெல்லாம் கிடையாது. ஏதோ ஒரு பொழுதுபோக்கு. தங்கள் மகளுக்குப் புதிதாக என்னமோ பிடித்துப்போயிருக்கிறது. அது என்னவென்று எனக்கு மட்டும் சொல்லமாட்டேன் என்கிறாள். ஆளாக இருந்தாலாவது நாலு வார்த்தை சத்தம் போடலாம். பொழுதுபோக்கைப் பார்த்து எப்படிச் சத்தம் போடுவது?

என் பக்கத்து நியாயம் தங்களுக்குப் புரிய வேண்டுமானால் ஆரம்பத்திலிருந்து வர வேண்டும். தங்கள் மகள் பல் மருத்துவமனையின் பின்னறையில் நாள் முழுக்க மெழுகும் மாவுமாக அடுத்தவர்களுக்குப் பல் செட் செய்கிறவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய மருந்துச் சீட்டுகளின் பின்பக்கம், பால்பாயிண்ட் பேனாவால், வெளியே காத்திருக்கிறவர்களின் வாயை வரைவாள். முகம் கிடையாது, வாய் மட்டும்தான். பயந்த வாய், பொய் சொல்லும் வாய், சாக்லேட் தின்றதை மறைக்கும் வாய். ஒரு வாய் அச்சு அசலாக எங்கள் மேலாளருடையது, பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதோடு விட்டிருக்கலாமே என்பீர்கள். விடுகிற ஆளா நான்? என் தொழில் லிஃப்ட் பராமரிப்பு. இரும்புக் கயிறு தேயும் முன்பே மாற்றுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். நன்றாக ஓடும் எதைப் பார்த்தாலும் இதை இன்னும் நன்றாக ஓட வைக்க முடியாதா என்றுதான் என் புத்தி போகும். அவ்வளவு நன்றாக வரைகிறவள் சீட்டின் பின்பக்கத்தில் வரையலாமா? கையால் செய்த தாள், அணில் முடித் தூரிகை, மரப்பெட்டியில் அடுக்கடுக்காக வண்ணப் பென்சில்கள், நின்றுகொண்டு வரைய ஒரு தாங்கி எல்லாம் வரவழைத்தேன். தாங்கியை வைத்ததிலிருந்து பால்கனிக் கதவு பாதிதான் திறக்கும். தங்கள் மகள் ஒரு தாளைத் தடவிப் பார்த்தாள். "இவ்வளவு நல்ல தாள்ல எதைப் போடுறது? கை நடுங்குதுங்க" என்றாள். அந்தத் தாள் இன்றுவரை வெள்ளையாகவே இருக்கிறது. சீட்டில் வரைவதையும் விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டேன், "அதான் நல்ல தாள் இருக்கே" என்றாள்.

சரி, வரைவது அவளுக்குச் சரிப்படவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவள் சனிக்கிழமைகளில் நகராட்சி நீச்சல் குளத்துக்குப் போக ஆரம்பித்தாள். கூட வேலை செய்யும் ஒருத்தியோடு, சாயம்போன பழைய நீச்சல் உடையில். ஈரத் தலையும் பெரும் பசியுமாக வீட்டுக்கு வந்து, நின்றுகொண்டே பாத்திரத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவாள். அவள் அப்படிச் சாப்பிடுவதைப் பார்க்கவே எனக்கு மனசு நிறைந்துவிடும். "நீங்களும் வாங்களேன், தண்ணி நல்லாருக்கு" என்று கூப்பிட்டாள். நான் எப்படிப் போவது? சனிக்கிழமை ஓவர்டைம் பார்த்தால்தானே போட்டிக்குப் போகிறவர்கள் போடும் உடையும், பனி படியாத கண்ணாடியும், எத்தனை சுற்று என்று எண்ணிச் சொல்லும் கைக்கடிகாரமும் வாங்க முடியும்? வாங்கினேன். ஒரு பயிற்சியாளரையும் ஏற்பாடு செய்தேன். நல்ல மனிதர், பழைய வீரர். அவர் தங்கள் மகள் நீந்துவதைப் பார்த்துவிட்டு, சின்ன வயதிலிருந்தே தப்பாக நீந்திவருகிறாள் என்று கண்டுபிடித்துச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை அவளுக்குத் தலைவலி. அதற்கடுத்த சனிக்கிழமை குளம் மூடியிருப்பதாகச் சொன்னாள். மூடவில்லை, நான் போன் போட்டுக் கேட்டேன். கைக்கடிகாரம் மட்டும் வேளை தவறாமல் "நீங்கள் இன்று நீந்தவில்லை" என்று மேசை டிராயருக்குள்ளிருந்து குரல் கொடுத்துக்கொண்டிருந்தது.

தக்காளிச் செடிக் கதையைத் தாங்களே கேட்டிருப்பீர்கள். காலியான பெயின்ட் வாளியில் மண்ணைக் கொட்டி ஒரு செடி வைத்தாள். வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அதோடு ஏதோ பேசுவாள். என்னதான் பேசுகிறாள் என்று ஒட்டுக்கேட்டேன். "இன்னைக்கு ஒரு ஆளு வந்தாரு, கட்டுற பல்லு பழைய மாதிரியே கோணலா இருக்கணுமாம்" என்று அன்றைய கதையை முழுதும் அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு உருகிவிட்டது. தானாகத் தண்ணீர் விடும் குழாய், மண்ணின் ஈரம் பார்க்கும் கருவி, வெயில் இல்லாதபோது எரியும் ஊதா விளக்கு எல்லாம் வாங்கிப் பூட்டினேன். விளக்கைப் பார்த்துவிட்டு, கஞ்சா வளர்க்கிறோமோ என்று போலீசைக் கூப்பிடலாமா என்று கீழ்வீட்டுக்காரர் யோசித்தாராம். செடி என்னமோ உத்தரம்வரை ஏறிக் காய்த்துத் தள்ளியது. தங்கள் மகள்தான் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். "தண்ணி ஊத்துறதுக்காகத்தாங்க வச்சேன்" என்றாள். முதல் பழத்தை நறுக்கி என் தட்டில் வைத்தாள். "நல்லாருக்கா?" என்று கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது. அவள் ஒரு துண்டுகூட வாயில் போடவில்லை.

பிறகு மவுத் ஆர்கன் ஊதினாள், நான் பியானோ வாங்கினேன். அது இப்போது கூடத்தில் இருக்கிறது, நாங்கள் சுவரோரமாகப் போய்வருகிறோம். ஒருநாள் அதன் மூலையில் இடுப்பை இடித்துக்கொண்டு, வலியில் தங்கள் மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தைலம் எடுத்துவர ஓடினேன். வந்து பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறாள். "இனிமே எனக்குன்னு எதுவும் வாங்காதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்" என்றாள். இடிபட்ட வலியில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பணம் போகிறதே என்ற கவலையாக இருக்கும் என்றும் நினைத்தேன். "பணத்தைப் பத்தி நீ ஏன் யோசிக்கிறே?" என்றேன். எனக்கென்று ஒரு செலவு உண்டா, அத்தை? குடியில்லை, சீட்டில்லை, ஒரு நல்ல சட்டைகூட இல்லை. தங்கள் மகள்தான் என் பொழுதுபோக்கு. அவள் முகம் லேசாக மலர்ந்தால் போதும், என் கை சும்மா இருக்காது.

அன்றிலிருந்து அவளுக்கு எதுவுமே பிடிக்காமல் போயிற்று. வேலைக்குப் போவாள், வருவாள், டிவி முன்னால் உட்காருவாள். "எந்த சேனல் பிடிக்குது?" என்று கேட்டால் "எதுனாலும் சரி" என்பாள். இப்படியே நாள் போனது. திடீரென்று இப்போது சில மாதங்களாக வியாழக்கிழமை ஆனால் தாமதமாக வருகிறாள். கன்னம் சிவந்திருக்கிறது. பாத்திரம் கழுவும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறாள். நான் பக்கத்தில் போனால் நிறுத்திவிடுகிறாள். கைப்பையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறாள். "என்ன, ரொம்ப சந்தோஷமா இருக்கியே?" என்று கேட்டேன். பயந்துபோய் "இல்லையே, நான் எப்பவும் போலத்தானே இருக்கேன்?" என்கிறாள். சந்தோஷமாக இருப்பதாகக் குற்றம் சாட்டியது போல.

போன வியாழக்கிழமை நான் பின்னாலேயே போனேன். மாப்பிள்ளைக்கு இது லட்சணமா என்று கேட்காதீர்கள். கூட வேலை செய்யும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குள் போனாள். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட்டை எங்கள் கம்பெனிதான் பார்த்துக்கொள்கிறது. வெறுங்கையோடு ஒருவர் வீட்டு வாசலில் நின்றால் தப்பாக நினைப்பார்கள் என்று, ஒரு கோளாறும் இல்லாத லிஃப்ட்டை நிறுத்தி, "பழுது பார்க்கப்படுகிறது" என்ற பலகையை மாட்டிவிட்டு, கருவிப் பெட்டியோடு அந்த மாடியிலேயே நின்றுகொண்டேன். இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு படியேறி வந்த ஒருவர் "முந்தாநாள்தானே வந்து பாத்தீங்க? என்னத்தைப் பாத்தீங்க?" என்று என்னை ஏசிவிட்டுப் போனார். தகும், வாங்கிக்கொண்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவே தங்கள் மகளின் குரல். "அடியே, அது என்னுது! கையை எடுடி!" என்று கத்துகிறாள். அத்தை, எங்கள் வீட்டில் அவள் குரலை உயர்த்தி ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரும் பிள்ளையின் குரல் அது. இந்தக் குரல் இவளிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.

அப்போது பார்த்துக் கதவு திறந்தது. தோழி என் சீருடையைப் பார்த்து "லிஃப்ட்ல என்ன பிரச்சினை?" என்றாள். அவளுக்குப் பின்னால் தங்கள் மகள், கையில் எதையோ வைத்துக்கொண்டு. சின்னப் பொருள்தான், உள்ளங்கைக்குள் அடங்குவது. என்னைப் பார்த்த மாத்திரத்தில் அந்தக் கை பைக்குள் போய்விட்டது. முகத்தில் இருந்த அத்தனை வெளிச்சமும் கூடவே போய்விட்டது. கையும் களவுமாக மாட்டிக்கொண்டவள் முகமாக இருந்தால் நான் தாங்கியிருப்பேன். அது அப்படி இல்லை. வீட்டுக்குள் திருடன் வந்துவிட்டால் பெண்கள் கழுத்தைப் பொத்திக்கொள்வார்களே, அந்த முகம். திருடன் நான்தான்.

லிஃப்ட்டை நானே நிறுத்தியிருந்ததால் இரண்டு பேரும் படியில் இறங்கினோம். "எதையாவது பாத்தீங்களா?" என்றாள்.

"ஒண்ணும் பாக்கல."

"நெசமாவா? என் கையில இருந்தது என்னன்னு தெரியலையா?"

"தெரியல."

"அப்பாடா" என்று மூச்சு விட்டாள். பிறகு என் மேல் இரக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது, கருவிப் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "கனமா இருக்குமே, பாவம்" என்றாள். ஏன் பின்னால் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் கெஞ்சினேன். "என்னன்னு மட்டும் சொல்லேன்." அவள் காய்ந்த துண்டை மடித்துக்கொண்டே "இது ஒண்ணு மட்டும் என்கிட்டயே இருக்கட்டுங்க. கோவிச்சுக்காதீங்க" என்றாள். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கோவிச்சுக்காதீங்க என்று அவள் சொன்னதைத்தான் இன்னும் என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே, அத்தை, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மகள் அம்மாவிடம் மறைக்கமாட்டாள். அது என்னவென்று பக்குவமாகக் கேட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நான் எதுவும் வாங்கப்போவதில்லை. உங்கள் மேல் சத்தியம். தெரிந்துகொண்டால் போதும், அவளுடைய சந்தோஷத்தில் ஒரு ஓரமாக நானும் உட்கார்ந்துகொள்வேன். அதிகம் போனால், அந்தப் பொருளை வைக்க ஒரு நல்ல உறை. கையகலப் பொருள்தானே, பெரிய செலவு ஆகாது. கண்ணாடிக் கதவும் உள்ளே சின்ன விளக்கும் வைத்த அலமாரி ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன், அது என்ன பொருளாக இருந்தாலும் அதற்குள் எடுப்பாக இருக்கும். பியானோவைக் கொஞ்சம் தள்ளினால் இடமும் இருக்கிறது.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நாற்காலியின் இடது கைப்பிடிக்குக் கீழே நிறுத்தும் பொத்தான் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். எங்கள் இருவர் தலையிலும் உங்கள் ஆசி எப்போதும் இருக்கட்டும். உங்கள் மகள் தலையில் கொஞ்சம் கூடுதலாக.

என்றும் தங்கள் பணிவுள்ள,
மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் உங்கள் போன் வந்தது. உங்கள் மகள் அதை எடுத்துக்கொண்டு சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல், மூச்சு வாங்க, "ஐயோ அம்மா, போதும்மா" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். நீங்களும் சிரிப்பது கேட்டது. அப்படியென்றால் உங்களுக்கு முன்னமே தெரியும். நான் கதவின் கைப்பிடியில் கை வைத்துவிட்டேன், அத்தை. பிறகு எடுத்துவிட்டேன். மேலே கேட்டதையெல்லாம் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாரிடமும் சொல்ல முடியாததால்தான் இதை அனுப்புகிறேன். அவளுக்கு அடிக்கடி போன் செய்யுங்கள். அது என்னவென்று மட்டும் எனக்குச் சொல்லிவிடாதீர்கள், நான் காலில் விழுந்து கேட்டாலும். தெரிந்தால் வாங்கிவிடுவேன்.