அவர் கேட்டது ஒரு ஹோட்டல் ரூம்

ஷிஃப்டு ஆளைக் கட்டிக்கொண்டவள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, கதவை ஓசைப்படாமல் சாத்துவது. எனக்குச் சமையல் வந்தது, கோலம் வந்தது, ரேஷன் கடையில் சண்டை போடக்கூட வந்தது. கதவு மட்டும் வெகு காலம் வரவில்லை. இதை ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியைச் சொல்வது சுலபம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்களுக்கு ஒரு குவார்ட்டர்ஸ். அவருக்கு அனல்மின் நிலையத்தில் பாய்லர் பக்கம் வேலை. காலை, மதியம், இரவு என்று வாரத்துக்கு வாரம் ஷிஃப்டு மாறும். இரவு ஷிஃப்டு முடிந்து அவர் படுக்கிற நேரத்துக்குத்தான் ஊர் முழுக்க விழிக்கும். கீரைக்காரம்மா கூவுவாள், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடிக்கும், நான் பித்தளைக் குடத்தைக் கீழே போடுவேன். (வேணும்னு போடுறதில்லை. அதுவா நழுவிடும்.) அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சிவந்த கண்ணோடு எழுந்து வந்து, "என்ன விழுந்துச்சு, பத்மா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்ப் படுப்பார். இனித் தூக்கம் வராது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்படியிருக்கையில்தான் மெட்ராசைச் சுற்றிப் பார்க்க அவருக்கு நாலு நாள் லீவு கிடைத்தது. எனக்கும் மகள் கலாவுக்கும் பீச்சு, பாம்புப் பண்ணை என்று ஏகப்பட்ட ஆசை. அவருக்கு ஒரே ஆசைதான், ஹோட்டலில் தங்க வேண்டும். கூட வேலை செய்கிறவர் யாரோ சொல்லியிருந்தார். பெரிய ஹோட்டல்களில் ரூம் கதவுக்கு வெளியே ஒரு அட்டையைத் தொங்கவிட்டால் போதுமாம், நாமாகத் திறக்கிறவரை ஒரு ஈ காக்கா கதவைத் தட்டாதாம்.

"நீயும் கலாவும் ஊரைச் சுத்திப் பாருங்க. நான் அந்த அட்டையை மாட்டிட்டு நாலு நாளும் தூங்குறேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்," என்றார்.

அவர் என்னிடம் வாய்விட்டு எதையும் கேட்கிறவர் இல்லை. கேட்ட ஒன்றையாவது நான் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த வயதில் எனக்கு எல்லாம் தெரியும். ஹோட்டல் கட்டிலில் நேற்று யார் படுத்தார்களோ என்றேன். மூன்று வேளையும் ஹோட்டல் சாப்பாடு என்றால் குழந்தை வயிறு என்னத்துக்கு ஆகும் என்றேன். எதிர் குவார்ட்டர்ஸ் செல்வி அக்காவின் சொந்தக்காரர்களுக்கு மாம்பலத்தில் ஒரு மாடிக் கட்டிடம் இருந்தது. ஆறு குடித்தனம். அதில் மேல்மாடி ஃபிளாட் ஒன்று காலியாக இருக்கிறது, புதுக் குடித்தனம் வரும்வரை நாள் வாடகைக்கு விடுவார்கள் என்று அக்கா சொன்னதும் பிடித்துக்கொண்டேன். முழு வீடு, தனிச் சமையலறை, நம் கைச் சாப்பாடு. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, உன் இஷ்டம்," என்றார். ஜெயித்த பெருமையில் நான் பெட்டி கட்ட ஆரம்பித்தேன்.

என் டவுன்ஷிப் புத்தி வேலையைக் காட்டியது அந்தப் பெட்டியில்தான். எங்கள் ஊரில் அப்போது கரண்டைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிற பழக்கம் கிடையாது. பக்கத்திலேயே தயாராகிற பொருளுக்குச் சிக்கனம் எதற்கு? பல வீடுகளில் ஹீட்டர்தான் அடுப்பு. வட்டமான தட்டில் சுருள் கம்பி ஓடும், ஸ்விட்சைப் போட்டால் செக்கச்செவேல் என்று பழுக்கும். அடுத்த வேளை சமையலுக்கு எப்படியும் போடத்தானே போகிறோம் என்று, நடுவில் அணைக்காமலே விடுகிறவர்களும் உண்டு. (யாருன்னு கேக்காதீங்க.) மெட்ராசில் மண்ணெண்ணெய்க்கு யார் அலைவது என்று, வீட்டில் இருந்ததிலேயே பெரிய ஹீட்டரை என் கல்யாணப் பட்டுப்புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன்.

நாங்கள் மாம்பலம் போய்ச் சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஃபிளாட்டின் பால்கனிக்கு நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், ஒரு ஹோட்டல். அதன் மாடியில் ஒரு மனிதர் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்காரர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே வந்து கட்டிலில் விழுந்தார், விழுந்ததும் தூங்கிவிட்டார்.

கீழ்வீட்டில், கட்டிடத்துக்குச் சொந்தக்காரரான வீட்டுக்காரம்மாவின் டி.வி.யில் ஞாயிற்றுக்கிழமைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிடமே அங்கே கூடியிருந்தது. கலாவையும் அங்கே அனுப்பினேன். அன்று பார்த்துக் கதவைக்கூட ஓசையில்லாமல் சாத்தினேன். எனக்கே என்மேல் மரியாதை வந்தது. சமையலறைக்குப் போய் ஹீட்டரைப் போட்டேன், கம்பி சிவந்தது, உப்புமாவுக்கு வாணலியை வைத்தேன். கீழே எங்கோ பட்டென்று ஒரு சத்தம். கட்டிடம் மொத்தமும் இருண்டது.

படம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்திருக்கிறது. பிரிந்துபோன குடும்பம் ஒன்றுசேருகிற கட்டமாம். கீழேயிருந்து எழுந்த ஓலத்தை வைத்தே அதைப் புரிந்துகொண்டேன். எதிர் ஹோட்டலில் மட்டும் விளக்கெல்லாம் ஜம்மென்று எரிந்தது.

இருட்டில் அவர் எழுந்து வந்தார். "என்ன விழுந்துச்சு, பத்மா?"

எதுவும் விழவில்லை, கரண்டுதான் போய்விட்டது என்றேன். அவர் பார்வை என் பின்னால் போனது. அவ்வளவு இருட்டிலும் ஹீட்டர் கம்பி மட்டும் சிவப்பாகச் சுருண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கினார், துணி போட்டு ஹீட்டரைத் தூக்கிச் சமையல் மேடைக்கு அடியில் தள்ளினார், கீழே இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் புது ஃபியூஸ் கம்பி போட்டு விளக்கு வந்தது. படம்தான் முடிந்திருந்தது.

இத்தோடு போயிருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். கூட்டம் அவரைப் பாராட்டியபோது என் மகள் நடுவில் நின்று, "எங்கப்பாதான் நெய்வேலில கரண்டு செய்றாரு," என்று அறிவித்துவிட்டாள்.

மறுநாள் விடியும்போதே கதவு தட்டப்பட்டது. முதல் மாடிக்காரர் இஸ்திரிப் பெட்டியோடு நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு டேபிள் ஃபேன், அதற்குப் பின்னால் ஒரு மிக்ஸி. மத்தியானம் வீட்டுக்காரம்மாவே வந்து, தண்ணீர் மோட்டார் ஒரு மாசமாக முனகுகிறது, கொஞ்சம் பார்க்க முடியுமா என்றார். எங்கள் வீட்டுக்காரருக்கு பாய்லர் தெரியும். மிக்ஸி அவருக்கும் புதுசு. திறந்த ஒன்றைத் திரும்ப மூடியபோது திருகாணிகள் மீந்தன. அவற்றை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை நானே பார்த்தேன்.

இது உங்கள் வேலை இல்லை என்று சொல்லிவிடலாமே என்று அழாத குறையாகக் கேட்டேன்.

"சொல்லலாம். அப்புறம் ஃபியூஸு ஏன் போச்சுன்னு ஆராய்ச்சி பண்ணுவாங்க. ஹீட்டரைக் காட்டுறியா?" என்றார்.

நானும் கலாவும் பீச்சு பார்த்தோம், பாம்பு பார்த்தோம். எதையும் ரசிக்க முடியவில்லை. திரும்பி வரும்போதெல்லாம் அவர் அதே ஸ்க்ரூ டிரைவரோடு, அதே சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தார். ஹீட்டரைத் தொட பயந்து, மூன்று வேளையும் அந்த எதிர் ஹோட்டலில்தான் சாப்பிட்டோம். (கலா வயித்துக்கு ஒண்ணும் ஆகலை. நெய் ரோஸ்ட்டு கேட்டு அடம் பிடிச்சா.)

லீவு முடிந்த மறுநாள் மத்தியானம் கும்பகோணம் பஸ்ஸில் ஏறினோம். வழியில் நெய்வேலியில் இறங்க வேண்டும், அன்றே அவருக்கு இரவு ஷிஃப்டு. நகரம் தாண்டுவதற்குள் அவர் தலை என் தோளில் சாய்ந்தது. வாயைத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரித் தூங்கினார். திண்டிவனத்தில் முறுக்கு விற்கிறவன் காதருகே கத்தினான், அசையவில்லை. பண்ருட்டியில் யாரோ மூட்டையை அவர் காலில் போட்டார்கள், அதற்கும் அசையவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. எத்தனை வருஷத் தூக்கத்தை நான் உடைத்திருக்கிறேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நெய்வேலி வந்துவிட்டது. இறங்குகிறவர்களை கண்டக்டர் கூப்பிட ஆரம்பித்தார். கலா எழுந்து நின்றுவிட்டாள். நான் அவர் தோளைத் தொடக் கையைக் கொண்டு போனேன். எழுப்பினால் வீட்டுக்குப் போய்க் குளித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்புவார். எழுப்பாவிட்டால் சொல்லாமல் ஆப்சென்ட். அவர் சர்வீஸில் அப்படி ஒரு நாள்கூடக் கிடையாது.

கையை எடுத்துக்கொண்டேன். கண்டக்டரைக் கிட்டே கூப்பிட்டு, கும்பகோணத்துக்கு டிக்கெட் கொடுங்கள் என்றேன்.

"நெய்வேலின்னுதானேம்மா ஏறுனீங்க?"

"அவரு தூங்குறாருங்க," என்றேன்.

கண்டக்டர் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார். மேலே எதுவும் கேட்காமல் டிக்கெட்டைக் கிழித்தார். விசிலைக்கூட ஊதவில்லை, கையால் தட்டித்தான் டிரைவரைப் போகச் சொன்னார். "அம்மா, நம்ம ஊரு போவுது," என்று கலா ரகசியமாகச் சொன்னாள்.

கும்பகோணத்தில் பஸ் நின்ற பிறகுதான் விழித்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, இங்கே எதற்கு வந்தோம் என்று கேட்டார். தூங்குவதற்கு என்றேன். சோம்பல் முறித்துக்கொண்டே, "நல்ல ஊருதான்," என்றார். அன்றைய ஷிஃப்டு போனது போனதுதான்.

இப்போது அவர் ரிட்டயராகி வெகு காலம் ஆகிறது. ராத்திரித் தூக்கம் இன்னும் சரியாக வராது, மத்தியானம்தான் அசந்து தூங்குவார். அந்த நேரத்தில் யார் போன் செய்தாலும் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வோம், அவர் கும்பகோணம் போயிருக்கிறார் என்று. கதை தெரியாத பழைய பாய்லர் நண்பர் ஒருவர் போன வாரமும் அதை நம்பி, வரும்போது கொழுந்து வெற்றிலை வாங்கிவரச் சொன்னார். சொல்கிறேன் என்று போனை வைத்தேன். படுக்கையறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. போய், ஓசைப்படாமல் சாத்தினேன்.