மடிதட்டி கம்பவுண்டர்

பள்ளிபாளையத்தில் அந்தக் காலத்தில் ஒருவன் மடியில் என்ன இருக்கிறது என்று கட்டியவளுக்குக்கூடத் தெரியாது, மடிதட்டிக்குத் தெரியும். தர்ம ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

வலிக்கு மருந்து கேட்டு யார் போனாலும் முதலில் வேட்டி மடியை அவிழ்த்து அவர் மேசைமேல் உதற வேண்டும். வைத்தியர் சூரணம், சந்தை லேகியம், அபின் உருண்டை, எது விழுந்தாலும் பிடுங்கிக்கொள்வார். "ரெண்டு மருந்தும் வகுத்துக்குள்ள சண்டை போட்டா சாவறது நீங்கதானுங்க" என்பார். ஒரு பண்ணைக்காரரின் தலைப்பாகையையே அவிழ்த்துவிட்டார். உள்ளே மூன்று ஊர் மருந்து இருந்ததாம். ஏழு ஊர் என்றும் சொல்வார்கள்.

எனக்கு அப்போது புதுக் கல்யாணம். தறிக்குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. பக்கத்துத் தறிக்காரர் கொடுத்த இரண்டு அபின் உருண்டைகளில் ஒன்றைக் காலையிலேயே விழுங்கினேன். மற்றதைத் தறியில் குறுக்கே ஓடுகிற மர நாடாவுக்குள், ஊடை நூலுக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண்கள் நிற்கிற இடத்தில் அபின் என்று வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கூச்சம். மடியை உதறினேன், ஒன்றும் விழவில்லை. வலியில் தூங்க முடியவில்லை என்றதற்கு டாக்டர் எழுதிய தூக்க மருந்தில் ஒரு வேளையை அங்கேயே குடித்துவிட்டு வீடு திரும்பினேன்.

தறியில் இறங்கி நாடாவை எடுக்கக் கை நீட்டுகிறேன், வாசலில் மடிதட்டி. வரிசையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார்.

"நெசவாளி மடியில ஒரு வெத்தல பாக்குக்கூட இல்லீங்களே. தொடச்சு வச்சாப்ல இருந்துச்சு. எங்கீங்க ஒளிச்சு வச்சீங்க?"

என் கண் நாடா பக்கம் போய்விட்டது. அது போதாதா அவருக்கு? உருண்டை அவர் கையில் இருந்தது.

"ஒண்ணு உள்ள போயிருச்சுங்களா?"

தலையாட்டினேன்.

"இப்பத் தூங்குனா மறுக்கா எந்திரிக்க மாட்டீங்க, சாமி. நடங்க."

தெருவில் நெசவுக்கான பாவு நூலை நீளமாக விரித்திருந்தார்கள். அதன் ஓரமாகவே பொழுது சாயும்வரை என்னை இழுத்துக்கொண்டு நடந்தார். கண் சொருகினால் முகத்தில் தண்ணீர். அதுவும் பலிக்காதபோது, ஊட்டுக்காரி பேரைச் சொல்லுங்க என்றார். மூன்று மாதமாக நான் அவளை 'இந்தா' என்றுகூடக் கூப்பிட்டதில்லை. மெல்ல முனகினேன்.

"கேக்கலீங்க."

பாவு பிடித்திருந்த அத்தனை பேரும் சிரிக்க, ஒவ்வொரு நடைக்கும் "நாச்சம்மா" என்று கத்தினேன். நடையில் தூக்கம் கலைந்ததோ, வெட்கத்தில் கலைந்ததோ, பிழைத்தேன்.

மடிதட்டி போய்ச்சேர்ந்து வெகுநாளாகிறது. இன்றும் மருந்துக்கடையில் நின்றால் என் கை தானாக மடியை அவிழ்க்கிறது. எங்கள் தெருவில் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நெசவாளி நான் ஒருவன்தான். கொஞ்சம் சத்தமாகவே கூப்பிடுவேன். அவருக்கும் கேட்கட்டுமே.